நாலு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்

1

அப்பா போய் மூன்று வருஷம் முடிந்த அன்று காலை, காபிக்குப் பாலை வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். விமான டிக்கெட் விற்கும் கம்பெனி ஒன்று எனக்குச் செய்தி அனுப்பியிருந்தது. மேலே மூன்று பலூன் படம். அதற்குக் கீழே ஆங்கிலத்தில், 'மூன்று வருஷத்துக்கு முன் இதே நாளில் நீங்கள் மதுரைக்குப் பறந்தீர்கள், நினைவிருக்கிறதா? அந்த இனிய பயணத்தை மறுபடி அனுபவியுங்கள்' என்று எழுதி, கூடவே ஒரு தள்ளுபடிக் கூப்பனும் வைத்திருந்தார்கள்.

பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. நான் நகரவில்லை. எனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்கிறான். அன்றைக்கு என்ன நிறச் சேலை கட்டியிருந்தேன், சென்னை விமான நிலையத்தில் எந்தக் கவுண்டருக்கு முன்னால் நின்று அழுதேன் என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

தென்காசிப் பக்கமிருந்து நான் டெல்லிக்கு வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. மத்திய அரசு ஆபீசில் கிளார்க் வேலை. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பாதிக் காலம், இப்போது முனிர்காவில் சொந்தமாக இரண்டு அறை. ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடுவார்கள். உனக்கென்ன, முன்னே மாதிரி ரயிலில் இரண்டு நாள் உருள வேண்டாம், பட்டனைத் தட்டினால் விமானம், காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே இருக்கலாம் என்பார்கள். அந்தப் பட்டனுக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பலூன் செய்தி அனுப்பிய அதே கம்பெனியில்தான் என் மகள் யாழினி ஒரு வருஷமாக வேலை பார்க்கிறாள். இதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று வரக் கூடாது. டெல்லிக்குப் போக வேண்டும், மதுரைக்குப் போக வேண்டும் என்று நாம் தேடும்போது எந்த விமானம் மேலே வர வேண்டும், விலையை எங்கே காட்ட வேண்டும் என்று வடிவமைக்கும் குழுவில் அவள் இருக்கிறாள். செய்தியை அவளிடம் நீட்டினேன்.

"ஐயோ, ஸாரிம்மா. இது ஆட்டோமேட்டிக். மிஷின் அனுப்புது. யாரும் ஜான்பூஜ்கர் பண்ணல," என்றாள். வேண்டுமென்று செய்யவில்லை என்பதை அவளுக்கு ஹிந்தியில்தான் சொல்ல வரும்.

"மிஷினுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்றேன்.

அவள் ஷூவை மாட்டிக்கொண்டு குருகிராமில் இருக்கிற ஆபீசுக்குக் கிளம்பினாள். அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் வீட்டுச் சண்டை.

2

அப்பா போனது ஒரு வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்னால். தூக்கத்திலேயே போய்விட்டார். தம்பிதான் போன் பண்ணினான். மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமைக்கு வைத்திருக்க ஊரில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், சனிப்பிணம் தனிப்போகாது என்று பயம்.

"இன்னைக்கு நாலு மணிக்கு எடுத்துருவோம்க்கா. நீ மதுரைக்கு வந்துரு, நான் கார் அனுப்புதேன்," என்றான்.

எங்கள் பக்கம் மகன் கொள்ளி வைப்பான். மகளுக்கு இருப்பது ஒரு கை அரிசி. வாய்க்கரிசி என்று அதைத்தான் சொல்கிறோம். எத்தனையோ வருஷம் சோறு போட்ட அப்பனுக்கு மகள் கடைசியாகத் திருப்பிக் கொடுப்பது அது ஒன்றுதான். அதற்குள் போய்ச் சேர வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பலூன் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து மதுரை என்று அடித்தேன். முதல் வரியாக வந்தது இது: காலை ஏழு மணிக்குக் கிளம்பி, சென்னையில் மாறி, பன்னிரண்டு இருபதுக்கு மதுரை. அங்கிருந்து ஊருக்குக் காரில் மூன்றரை மணி நேரம். நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வாசலில் இறங்கிவிடலாம். 'உங்களுக்கான சிறந்த தேர்வு' என்று அதற்குப் பச்சையில் ஒரு பட்டயம் வேறு கட்டியிருந்தார்கள். போட்டுவிட்டேன்.

சென்னையில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அது ஒரு பயணமே இல்லை. இரண்டு தனித்தனி டிக்கெட்டை ஒட்டவைத்து ஒன்றாகக் காட்டியிருக்கிறார்கள். வெளியே போய்ப் பெட்டியை எடுத்து, சுற்றி வந்து, இன்னொரு வரிசையில் நின்று, புதிதாக ஆரம்பிக்க வேண்டும். முதல் விமானம் அரை மணி நேரம் தாமதம். நான் ஓடிப்போய் நின்றபோது கவுண்டரை மூடிவிட்டார்கள். அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள்.

"மேடம், ரெண்டும் வேற வேற புக்கிங். நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

அங்கேயே நின்று பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 'பயணி தாமே மாறிக்கொள்ள வேண்டும்' என்று சாம்பல் நிறத்தில் எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. பச்சைப் பட்டயத்தின் எழுத்து அதைவிட நாலு மடங்கு பெரிது.

அடுத்த விமானம் பிடித்து நான் வீட்டு வாசலில் இறங்கியபோது மணி ஏழரை. எனக்காக ஐந்தரை வரை பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் எடுத்துவிட்டார்கள். வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். என் கையால் போட வேண்டிய அரிசியைச் சித்தி மகள் போட்டிருந்தாள்.

விதி என்றான் தம்பி. விதி என்றார் மாமா. நீ கொடுத்துவைக்கவில்லை என்றாள் சித்தி. நானும் தலையாட்டினேன். அன்றைக்கு எனக்கும் வேறு வார்த்தை தெரியவில்லை.

டெல்லிக்குத் திரும்பிய பிறகு ஒரு காரியம் செய்தேன். எனக்குத் தெரிந்த தமிழ் ஆட்களில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் டிக்கெட்டை நான்தான் போட்டுக்கொடுப்பேன் என்று வைத்துக்கொண்டேன். ஆபீஸ் பியூன், முனிர்காவில் ரூம் எடுத்துப் படிக்கிற பிள்ளைகள், வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற ஜனங்கள், எல்லாரும் வருவார்கள். டிக்கெட் அக்கா என்று பெயரே ஆகிவிட்டது. எங்கே போகணும் என்று நான் முதலில் கேட்பதில்லை. எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க என்றுதான் கேட்பேன்.

3

பலூன் செய்தி வந்து இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கருப்பசாமி வந்தான். டைல்ஸ் ஒட்டுகிற வேலைக்காரன், எங்கள் குளியலறையைச் சரிசெய்ய வந்ததில் பழக்கம். சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். கையில் சரோஜினி நகர்க் கடைப் பை.

"அக்கா, எங்க பெரியக்கா தவறிப் போச்சு. நாளைக்கு நாலு மணிக்கு எடுக்குறாகளாம்," என்றான்.

பைக்குள் மாம்பழ நிறத்தில் ஒரு சேலை இருந்தது. பிறந்த வீட்டுக் கோடி. கட்டிக்கொடுத்த பெண் செத்துப்போனால் உடன்பிறந்தவன் புதுச் சேலை கொண்டுபோய்ப் போர்த்த வேண்டும். அதன் பிறகுதான் எடுப்பார்கள். அவளுக்கு இவன் ஒரே தம்பி.

"நான் போகலேன்னா எங்க பெரியப்பன் மகன் கோடி போட்ருவான்க்கா. எங்க அக்காகூடப் பத்து வருசமாப் பேச்சு வார்த்தை இல்லாத பய. அக்காவுக்குப் புடிச்ச கலரு இது. பேரம் பேசக்கூட மனசு வரல, சொன்ன வெலைக்கு வாங்கிட்டு ஓடியாந்தேன்."

அவனை உட்காரச் சொல்லிவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். யாழினி அன்றைக்கு வீட்டில்தான் இருந்தாள். அவள் கம்பெனிப் பக்கத்திலேயே தேடினேன், அவள் பார்க்கட்டும் என்று.

டெல்லியிலிருந்து மதுரைக்கு வண்டி வண்டியாக வந்து விழுந்தது. முதலில் இருந்தது விலை குறைந்தது. மும்பையில் எட்டு மணி நேரம் உட்காரவைத்து ராத்திரி கொண்டுபோய் இறக்கும். அந்தச் சேலையை வைத்துக்கொண்டு அவன் ராத்திரி யாருக்குப் போர்த்துவது? வடிகட்டலாம் என்று பக்கவாட்டில் பார்த்தால் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டு நாலு படம் இருக்கிறது. உதிக்கிற சூரியன், உச்சிச் சூரியன், மறைகிற சூரியன், நிலா. எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கேட்க ஒரு படமும் இல்லை. உல்லாசமாகப் போகிறவனுக்குக் கிளம்புகிற நேரம்தான் முக்கியம். அலறியடித்துக்கொண்டு போகிறவனுக்குச் சேருகிற நேரம்தான் எல்லாம்.

வழக்கம்போலக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுத ஆரம்பித்தேன். மதுரையில் இறங்கும் நேரம், அதோடு காருக்கு ஒன்றேகால் மணி. நாலைத் தாண்டினால் கோடு போட்டு அடி. தனித்தனி டிக்கெட்டை ஒட்டவைத்தது என்றால் அடி. கடைசியில் மிஞ்சியது ஒன்று. ஒரே டிக்கெட், சென்னையில் மாறி, மத்தியானம் ஒரு மணிக்குள் மதுரை.

அடுத்து விலை. வெளியே எட்டாயிரத்துச் சொச்சம் என்று பெரிதாகப் போட்டிருந்தது. உள்ளே போகப் போக ஏறிற்று. நான் கேட்காத காப்பீட்டுக்கு அவர்களே டிக் போட்டு வைத்திருந்தார்கள். எடுத்தேன். உட்காருகிற இடத்துக்குத் தனி விலை என்றார்கள். உட்காராமல் தொங்கிக்கொண்டா போவான்? தேடிப் பார்த்தால் காசில்லாமல் தாண்டிப்போகிற வழி மூலையில் இருந்தது. கடைசியில் வசதிக் கட்டணம் என்று ஒன்று. யாருடைய வசதி என்று இதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நான் தேங்காய் வாங்குகிற கடைக்காரன் கறாரான ஆள்தான், ஆனால் சொன்ன விலை சொன்ன விலை. பையில் போட்ட பிறகு, தேங்காயை எடுத்துக் கொடுத்த வசதிக்கு இவ்வளவு என்று அவன் கேட்டதில்லை.

நடுவில் ஒரு பெட்டி குதித்து, 'இந்த விமானத்தை இப்போது நாற்பத்திரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்றது. கருப்பசாமி பதறிவிட்டான்.

"அக்கா, சட்டுன்னு போட்ருங்கக்கா."

"பதறாத. அது சும்மா வெரட்டுதது," என்றேன்.

அப்புறம் பெயர். கடைசிப் பெயர் எழுதாமல் விடாது அந்தப் பக்கம். நம் ஆளுக்கு ஏது கடைசிப் பெயர்? ஆதாரில் கருப்பசாமி, அவ்வளவுதான். முதல் தடவை ஒருவருக்கு அந்தக் கட்டத்தில் ஊர்ப் பெயரைப் போட்டு, விமான நிலைய வாசலில் போலீஸ்காரர் அடையாள அட்டையோடு ஒத்துப் பார்த்து அவரைத் தடுத்து, நான் போனில் ஹிந்தியில் கால் மணி நேரம் மன்றாடியிருக்கிறேன். இப்போது இரண்டு கட்டத்திலும் அதே பெயரைப் போட்டுவிடுவேன். கருப்பசாமி கருப்பசாமி. அதற்கு அந்த மிஷின் சந்தோஷமாக ஒத்துக்கொள்ளும்.

டிக்கெட் கைக்கு வர நாற்பது நிமிஷம் ஆயிற்று. யாழினி என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தாள். காலண்டர் தாளை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

மறுநாள் மூன்றரைக்கு போன் வந்தது. பின்னால் கொட்டுச் சத்தம்.

"போட்டுட்டேன்க்கா," என்றான்.

சாயங்காலம் யாழினி வந்ததும் சொன்னேன். கோடி என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். தட்டில் தோசையைப் பிய்த்துக்கொண்டே அடுத்ததைக் கேட்டாள்.

"அப்போ தாத்தாவுக்கு நீ என்ன பண்ணியிருக்கணும்?"

"வாய்க்கரிசி போட்ருக்கணும்."

"போடலியா?"

மூன்று வருஷத்தில் அவள் அதைக் கேட்டது அன்றைக்குத்தான். நான் ஊருக்குப் போனேன், வந்தேன் என்பது வரைதான் அவளுக்குத் தெரியும். என் தப்புதான். டெல்லியில் பிறந்த பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று நானும் சொல்லவில்லை.

"போடல," என்றேன்.

4

அடுத்த வாரம் யாழினி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டாள். அவர்களுடைய பக்கத்தை வெளியாட்களிடம் கொடுத்து, எப்படித் தேடுகிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பார்களாம். வந்தவர்களுக்குக் கூப்பன் கொடுப்பார்களாம்.

"ம்மா, ப்ளீஸ். அவங்க சொல்றதை மட்டும் பண்ணு. சீன் பண்ணாதே," என்றாள் லிஃப்டில்.

சரி என்றேன். அப்போது நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கண்ணாடி அறை. தாடி வைத்த ஓர் இளைஞன், மரியாதை தெரிந்த பிள்ளை. ஹிந்தியில்தான் பேசினான், இங்கே நான் தமிழிலேயே எழுதுகிறேன். கையில் ஒரு அட்டையைக் கொடுத்து, இதில் இருப்பதைத் தேடுங்கள் ஆன்ட்டி என்றான். 'நீங்களும் உங்கள் துணைவரும் வார இறுதியில் கோவாவுக்கு உல்லாசப் பயணம் போகிறீர்கள்' என்று அச்சடித்திருந்தது.

எனக்குக் கோவாவில் ஒரு வேலையும் இல்லை. அந்தப் பிள்ளையின் பேனாவை வாங்கினேன். அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் ஹிந்தியில் எழுதினேன்: 'அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். அக்கா இறந்துவிட்டாள். நாளை நாலு மணிக்கு எடுக்கிறார்கள்.' எழுதி அவனிடமே நீட்டினேன்.

"நீ தேடுப்பா. நான் பின்னால உக்காந்து பாக்குறேன்."

"ஆன்ட்டி, சோதனை அப்படி இல்ல..."

"சோதனை அப்படித்தான் வரும்," என்றேன். "யாருக்கும் அச்சடிச்ச அட்டையில வராது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாழினி இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அவன் ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு சிரித்துக்கொண்டே, அச்சா, பார்த்துவிடலாம் என்று தேட ஆரம்பித்தான். ஊர்ப் பெயரை அடித்தான், அப்படி ஓர் ஊரே இல்லை என்றது பக்கம். நான் மதுரை என்றேன். முதல் வரியை எடுத்தான். ராத்திரி ஒன்பதரைக்குச் சேரும் என்றேன். அடுத்ததை எடுத்தான். அது இரண்டு டிக்கெட் என்றேன். எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டான். எறும்பு எழுத்தை விரலால் காட்டினேன். குனிந்து படித்தான். சிரிப்பு அங்கே நின்றுவிட்டது. சூரியன்களையும் நிலாவையும் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தான். பிறகு ஒன்றைப் பிடித்து, மூன்று பத்துக்கு மதுரையில் இறங்குகிறது, சரிதானே ஆன்ட்டி என்று திரும்பினான்.

"அங்க இருந்து ஊருக்கு ஒன்றேகால் மணி நேரம்ப்பா," என்றேன். "எடுத்துட்டாங்க."

அவன் கையை எடுத்துவிட்டான். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். பதினெட்டு நிமிஷம் ஆகியிருந்தது. கூப்பன் உறையை நீட்டினான், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். துக்கத்துக்குப் போகிறவன் விலையைப் பார்ப்பதில்லை என்று நினைத்துக்கொள்ளாதே, முழு விலையையும் முதல் பக்கத்திலேயே போடு, நேரத்தைச் சேர வேண்டிய இடத்திலிருந்து கேள் என்று மட்டும் சொன்னேன். எழுதிக்கொண்டான்.

திரும்பும்போது மெட்ரோவில் யாழினி என் பக்கம் பார்க்கவே இல்லை. மூன்று ஸ்டேஷன் தாண்டிய பிறகு வாயைத் திறந்தாள்.

"அவர் யாருன்னு தெரியுமா? என் மேனேஜர்."

"அப்படியா. நல்ல பையனாட்டம் இருக்கான். தேடத்தான் தெரியல," என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துபோய்ப் பார்த்தால், சிரிக்கிறாள்.

5

ஒரு மாதம் கழித்து அவர்கள் பக்கத்தில் புதிதாக ஒரு வரி வந்தது. 'எத்தனை மணிக்குள் சேர வேண்டும்?' கிராமத்துப் பெயரை அடித்தாலும் இப்போது எடுத்துக்கொண்டது, விமான நிலையத்திலிருந்து காரில் போகிற நேரத்தையும் கூட்டிக்கொண்டது. அந்த வரிக்குக் கீழே 'பக்கத்து விமான நிலையங்களையும் சேர்' என்ற கட்டத்தில் அவர்களே டிக் போட்டிருந்தார்கள். முன்பும் அந்தக் கட்டம் இருந்ததாம், டிக் இல்லாமல், மூன்று மடிப்புக்கு உள்ளே. காப்பீட்டுக்குத் தானாக விழுகிற டிக் இதற்கு விழாது. இப்போது விலையும் வரியும் கட்டணமும் சேர்ந்து முதல் பக்கத்திலேயே ஒரே எண்ணாக நின்றது. ஆனால் எல்லாம் ஆறு வார வெள்ளோட்டம். ஜனங்கள் பயன்படுத்தினால் இருக்கும், இல்லாவிட்டால் எடுத்துவிடுவார்கள் என்றாள் யாழினி.

அந்த ஞாயிற்றுக்கிழமை கருப்பசாமியின் பக்கத்து வீட்டில் காதுகுத்து. அவர்கள் குடியிருப்பில் சாமியானா போட்டு, தமிழ் ஆட்கள் ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். எல்லார் கையிலும் கைப்பேசி. எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. சாப்பாட்டுப் பந்திக்கு நடுவில் எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னேன். எல்லாரும் அந்தப் பக்கத்தைத் திறங்கள், மதுரை என்று போடுங்கள், நாலு மணிக்குள் என்று அழுத்துங்கள் என்றேன்.

ஒருவரும் கையை அசைக்கவில்லை. கருப்பசாமி மனைவி மாரியம்மாள்தான் எழுந்து வந்து என் காதோரம் சொன்னாள்.

"அக்கா, நல்ல நாளும் அதுவுமா எழவு நேரத்தைப் போடச் சொல்றீங்களே. யார் வீட்டுக்குன்னு போடுறது? நம்மளே வாய் வச்ச மாதிரி ஆயிராதா?"

நியாயம்தான். இருபத்தெட்டு வருஷம் டெல்லியில் இருந்ததில் எனக்கே அது தோன்றாமல் போயிருக்கிறது. சரி, என்ன போடலாம் என்று கேட்டேன்.

"முகூர்த்த நேரம் போடுவோம்க்கா," என்றாள்.

போட்டார்கள். சாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்து, இலையில் பாயசத்தோடு, ஐம்பது பேரும் ஆளுக்கொரு கல்யாணத்துக்கு மதுரை போனார்கள். காலை ஆறு மணிக்குள், ஏழரைக்குள்.

செவ்வாய்க்கிழமை யாழினி கோபமாக வந்தாள்.

"ம்மா, ஸண்டே மத்தியானம் ஒரே இடத்துல இருந்து ஐம்பது பேர் காலை ஆறு மணிக்குள்ள மதுரை போகணும்னு தேடியிருக்காங்க. அந்த டைம்ல ஃப்ளைட்டே கிடையாது. நீதானே? இது சீட்டிங்ம்மா."

"ஏட்டி, நாப்பத்திரண்டு பேரு பாத்துக்கிட்டிருக்காவன்னு உங்க பக்கத்துல பொட்டி குதிக்கே, அந்த நாப்பத்திரண்டு பேரு எங்க இருக்காவ? ஒருத்தனையாவது காட்டு. எங்க ஐம்பது பேரும் நெசமான ஆளு. பேரு சொல்லட்டுமா?"

அவள் பையை நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"உங்க ஐம்பது பேர் தேவையே இல்லம்மா. நிஜமாவே யூஸ் பண்றாங்க. முதல் வாரமே. நிறைய பேர் அன்னன்னிக்கே கிளம்பறவங்க. மேனேஜர் அந்த லிஸ்டைப் பாத்துட்டு, இவங்க எல்லாம் இவ்வளவு நாள் என்ன பண்ணாங்கன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"அம்மா மாதிரி யாராவது பென்சிலால போட்டுக் குடுத்திருப்பாங்கன்னு சொன்னேன்."

6

நேற்று ஆபீஸிலிருந்து வந்ததும் யாழினி சாப்பிட உட்காரவில்லை. மடிக்கணினியை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"ஒண்ணு காட்டணும். காட்டலாமா வேணாமான்னு ரெண்டு வாரமா யோசிச்சேன். வேணாம்னா சொல்லு, மூடிடறேன்."

"காட்டு," என்றேன்.

கம்பெனியிடம் பழைய தேடல்கள் எல்லாம் பத்திரமாக இருக்கிறதாம். நான் அன்றைக்கு வெள்ளிக்கிழமை விடியலில் தேடியதும் இருந்தது. அன்றைய விமானங்களின் பட்டியலை எடுத்துப் புதுப் பக்கத்தில் போட்டிருக்கிறாள். ஊர், எங்கள் ஊர். சேர வேண்டிய நேரம், நாலு மணிக்குள்.

முதல் வரியில் மதுரை இல்லை. திருவனந்தபுரம். மாறாமல் ஒரே விமானம். டெல்லியில் எட்டு நாற்பதுக்குக் கிளம்பி, பன்னிரண்டு மணிக்கு இறங்குகிறது. அங்கிருந்து ஆரியங்காவு வழியாக எங்கள் ஊருக்கு மூன்று மணி நேரம். எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் மதுரைதான் வழக்கம். தம்பியும் மதுரை என்றான், நானும் மதுரை என்று அடித்தேன். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு விமான நிலையம் இருப்பது அந்த விடியலில் எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை. எட்டவைக்க வேண்டிய கட்டத்தில் டிக் இல்லை.

"சீட்டு இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சும்மா. நிறைய இருந்துச்சு."

எனக்குப் பின்னால் கிளம்பி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கிறது அது. மூன்றேகாலுக்கு நான் அப்பா கால்மாட்டில் உட்கார்ந்திருப்பேன். முகத்தைத் தொட்டுப் பார்த்திருப்பேன். அரிசியை நிதானமாகப் போட்டிருப்பேன். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். யாழினி என் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள், ஸாரிம்மா ஸாரிம்மா என்று அவள்தான் செய்தது மாதிரி சொல்லிக்கொண்டு.

அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு தம்பிக்கு போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"இப்ப எதுக்குக்கா அதெல்லாம். நம்ம விதி அவ்வளவுதான்," என்றான்.

"விதி இல்லடே. எட்டு நாப்பதுக்கு ஒரு விமானம் இருந்துச்சு. எனக்குக் காட்டல. இனிமே எங்கிட்ட விதின்னு சொல்லாத," என்றேன்.

போனை வைத்த பிறகு, அழிக்காமல் வைத்திருந்த அந்தப் பலூன் செய்தியைத் திறந்தேன். பதில் எழுதுகிற கட்டம் கீழே காலியாக இருந்தது. அங்கே அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்றாள் யாழினி. பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, தமிழிலேயே அடித்தேன்:

'நினைவிருக்கிறது. எட்டு நாற்பது விமானத்தை எனக்கு ஏன் காட்டவில்லை?'